மூன்றாம் தரத்து வெந்நீர்

மதிப்புக்கும் பாசத்துக்கும் ஒருசேர உரிய மைத்துனர், முதியோர் ஓய்வூதியப் பிரிவின் துணைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு, உன் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது.

இங்கே உன் அக்காவின் இடது முழங்காலைத் தவிர மற்ற யாவும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் முழங்கால்கள் உட்பட எல்லா வகையிலும் சுகமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். உன் கடிதமும் அதோடு வைத்திருந்த நாற்பத்தொரு கேள்விப் படிவமும் கிடைத்தன. "அத்தான், முப்பத்தாறு வருஷம் தராசு சோதிச்சவர் நீங்க. இந்தப் படிவம் ஆளைச் சரியா எடை போடுதான்னு பார்த்து அரைப் பக்கத்துல எழுதுங்க" என்று கேட்டிருந்தாய். நானும் அரைப் பக்கத்துக்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததெல்லாம் அரைப் பக்கத்தில் அடங்குகிற சங்கதி இல்லை. இதை அலுவலகத்தில் வைத்துப் படிக்காதே. உன் மேலதிகாரி எட்டிப் பார்க்கிறவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான். இதுநாள் வரை அறுபத்தைந்து வயது முடிந்த எல்லாருக்கும் அரசாங்கம் ஒரே அளவு ஓய்வூதியம் கொடுத்து வந்தது. இனிமேல் அவரவர் வருமானத்தையும் சொத்தையும் பார்த்து, இல்லாதவருக்கு முழுதாக, நடுவில் இருப்பவருக்குப் பாதியாக, இருக்கிறவருக்குக் கும்பிடு மட்டும் என்று மூன்று தரமாகப் பிரிக்கப் போகிறீர்கள். அதற்கு வெள்ளோட்டம் எங்கள் வட்டத்தில். வருகிற இருபதாம் தேதிக்குள் எல்லாரும் படிவம் அனுப்பிவிட வேண்டும். அந்தப் படிவத்தை எழுதியவன் நீ. இதைக் கேட்டதும் உன் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை, எதிர்வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எதிர்வீட்டம்மா இப்போது எங்களோடு பேசுவதில்லை.

முதலில் படித்தபோது, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு இது நியாயமாகவே பட்டது. எங்கள் ஓய்வு பெற்றோர் மன்றத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். நகரத்தில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பணத்தில் மாடி மேல் மாடி கட்டியவர். மாதா மாதம் காரில் வந்து இறங்கி ஓய்வூதியத்தை வாங்கி, அதில் நாய்க்கு வாசனைச் சோப்பு வாங்குகிறார். அவருக்கு எதற்கு அரசாங்கப் பணம் என்று எனக்கும் பல நாள் வயிறு எரிந்திருக்கிறது. இருந்தாலும் என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? எந்தக் கடையில் நுழைந்தாலும் நாங்கள் முதலில் சரக்கை நிறுக்க மாட்டோம், எடை தெரிந்த கல்லை வைத்துத் தராசைத்தான் சோதிப்போம். உன் படிவம் தராசு. எடை தெரிந்த ஆட்கள் எங்கே கிடைப்பார்கள் என்று யோசித்தேன். மன்றத்தில்தான் பதினான்கு பேர் தினமும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்களே!

எங்கள் மன்றம் ஒரு அச்சகத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள். கீழே இயந்திரம் ஓடினால் மேலே சதுரங்கக் காய்கள் தாமாக நகரும். அதனால் ஆட்டத்தில் யார் தோற்றாலும் அச்சகத்தின் மேல் பழி போட்டுவிடலாம். தினமும் பதினொரு மணிக்கு மன்றத்துச் செலவில் எல்லாருக்கும் ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. நான் எழுந்து, ஒரு மாதத்துக்கு இந்தத் தேநீரை வசதி பார்த்துக் கொடுத்துப் பார்ப்போம் என்றேன். உன் படிவத்தையே அச்சகத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். முதல் தரத்தாருக்கு, அதாவது இல்லாதவருக்கு, தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். இரண்டாம் தரத்தாருக்குத் தேநீரும் ஒரு பிஸ்கட்டும். மூன்றாம் தரத்தாருக்கு வெந்நீர். மிச்சமாகும் பிஸ்கட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, வாரக் கடைசியில் முதல் தரத்தாருக்குப் பிரித்துக் கொடுப்பது. பரிசீலனைக் குழுவில் நானும் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டரும். குழுவினரைத் தரம் பிரிப்பதில்லை, ஏனென்றால் சோதிக்கிறவன் தராசில் ஏறக் கூடாது என்பது எங்கள் துறையின் விதி.

ஆளாளுக்குப் பேசினார்கள். "இருக்கறவன் விட்டுக் கொடுத்தா இல்லாதவனுக்கு நல்லதுதானே" என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். "யாரு இருக்கறவன்?" என்று பல் டாக்டர் உடனே கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் எல்லாருமே பதில் சொன்னார்கள் மாப்பிள்ளை, உடம்பாலேயே சொன்னார்கள். படிவம் வாங்கும் நாளன்று மன்றத்துக்குள் நுழைந்த எனக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒருவர் மூக்குக் கண்ணாடியில் நூலைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஒருவர் போன மாதம் வாங்கிய செருப்பை விட்டுவிட்டு இரண்டு வேறு வேறு செருப்புகளைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். பல் டாக்டரின் சட்டையில் தோள்பட்டையில் ஒரு கிழிசல். அது கத்தரிக்கோலால் நேராக வெட்டிய கிழிசல். முப்பத்தாறு வருஷம் கள்ள எடைக்கல்லைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியாதா என்ன?

அன்று வழக்கம்போல வந்தவர் ஒரே ஒருவர்தான். அவரை லிப்ட் அண்ணன் என்று கூப்பிடுவோம். பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பது வருஷம் லிப்ட் ஓட்டியவர். கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு, முகம் பார்க்கலாம் போன்ற காலணி. யாராவது படியேறி வந்தால் இன்றைக்கும் தன்னையறியாமல் எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கதவை விடும்போது உள்ளே வந்த தலைகளை ஒருமுறை எண்ணிக்கொள்வார். பேச்சு குறைவு. அவர் உன் படிவத்தின் பதினேழாம் கேள்விக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்தக் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கும், நீ எழுதியதுதானே: 'பிறர் உதவியின்றி உங்களால் வாழ இயலவில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறீர்களா?' பிறகு பேனாவைத் திறந்து 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதினேழுக்கு 'இல்லை' என்றால் மற்ற கேள்விகளைப் பார்க்காமலே மூன்றாம் தரம் என்பது உன் குறிப்பு. நானும் அந்தச் சட்டையையும் காலணியையும் பார்த்து, சரிதான், ஆள் அமுக்கமாக நிறைய வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவைக் கேள். பல் டாக்டர் முதல் தரம். வீடு மகன் பெயரில், கார் மருமகள் பெயரில், வங்கிப் பணம் பேரன் பெயரில். தம் பெயரில் தம் பெயரைத் தவிர எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டரைப் பேச்சுக்கு நிறுத்துப் பார்த்ததில் அவரும் முதல் தரத்துக்குத்தான் வந்தார். நானும் அவரும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம் வாங்கியவர்கள். அவர் ஓய்வு பெற்ற கையோடு மலை, கடல், பனி என்று ஒன்று விடாமல் பார்த்து, வந்ததையெல்லாம் கரைத்துவிட்டு, இப்போது நிம்மதியாகக் கைவீசி நடக்கிறார். கணக்கு டீச்சர் மூன்றாம் தரம், ஏனென்றால் ஐந்து அறை வீடு அவர் பெயரிலேயே இருக்கிறது. அவரோடு வெந்நீர் வரிசையில் இன்னொருவர் லிப்ட் அண்ணன்.

இதை வீட்டில் வந்து சொன்னதும் உன் அக்கா துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். "அந்த மனுஷன் ஊர் சுத்தி எல்லாத்தையும் தீர்த்துட்டு வந்திருக்காரு. நான் முப்பத்தாறு வருஷம் ஒவ்வொண்ணா யோசிச்சு யோசிச்சு சேர்த்தேன். அவருக்கு பிஸ்கட்டு, எனக்கு வெந்நீரா?" என்று கேட்டாள். "நாம எங்க தராசுல ஏறினோம்? நான் குழுவாச்சே" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அந்தச் சிரிப்பை நான் அப்போதே சோதித்திருக்க வேண்டும்.

தராசு சரியில்லை என்று தோன்றினால் எங்கள் துறையில் அடுத்த வேலை, சொல்லாமல் போய் நிற்பது. பழைய தோல் பையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு முதலில் பல் டாக்டர் வீட்டு மணியை அடித்தேன். உள்ளே தடதடவென்று எதையோ இழுக்கிற சத்தம். ஐந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. சோபாவின் மேல் பழைய படுக்கை விரிப்பு. சுவரில் தொலைக்காட்சி இருந்த இடத்தில் நான்கு ஆணி.

"வாங்க வாங்க. உக்காருங்க. சோபா மகனோடது, பரவாயில்ல, அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"நீங்க இந்த வீட்டுல வாடகைக்கா இருக்கீங்க?"

"வாடகைக்கு இருந்தா உரிமை இருக்கே. நான் விருந்தாளி."

"நாய்?"

"பேரன் பேர்ல."

"அப்ப உங்களுதுன்னு என்னதான் டாக்டர் இருக்கு?"

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இந்தப் பல் செட்டு ஒண்ணுதான் சார் என்னுது. அதையும் நானே செஞ்சேன்" என்றார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மருமகள் குரல் கேட்டது: "மாமா, உங்க டிவியை எங்க ரூம்லயே வெச்சுக்கலாமா, இல்ல அவர் போனதும் திரும்ப மாட்டணுமா?" டாக்டர் திருதிருவென்று விழித்தார். ஆனால் மாப்பிள்ளை, காகிதத்தில் அவர் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை! மகன் பெயரில் வீடு, மருமகள் பெயரில் கார். நான் என்ன செய்ய முடியும்? எடைக்கல் சரியாக இருக்கிறது, முத்திரை சரியாக இருக்கிறது, நிறுத்தால் மட்டும் பொய் சொல்கிறது. இப்படி ஒரு சாமர்த்தியத்தை நான் சந்தையில்கூடப் பார்த்ததில்லை.

கணக்கு டீச்சர் வீட்டில் கதை தலைகீழ். ஐந்து அறைகளையும் தாமே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான்கு அறைகளில் அறைக்கொரு வாளி வைத்திருந்தது. "இதான் சார் என் சொத்து. மழை வந்தா நிறையும்" என்றார். விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகக் கூடாதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சுவரில் பென்சிலால் போட்டிருந்த கோடுகளைக் காட்டினார். அவருடைய மகள் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எவ்வளவு வளர்ந்தாள் என்று போட்ட கோடுகள். பன்னிரண்டாம் கோட்டுக்கு மேல் கோடு இல்லை. நான் உன் படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு வாளி ஒன்றைக் காலி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று நீதான் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் முடிந்தது. மிச்சப் பிஸ்கட் டப்பாவுக்கு நான் என் கையாலேயே ஈய முத்திரை போட்டு வைத்திருந்தேன். எல்லார் முன்னாலும் முத்திரையை உடைத்துத் திறந்தால், உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: 'பரிசீலனைச் செலவு.' ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்து. படிவங்களைப் பார்க்கத் தினமும் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம் அல்லவா, அப்போது அவர் எடுத்து நீட்டிய பிஸ்கட்டை ஆளுக்கு நான்காகத் தின்றிருக்கிறோம். முத்திரையைக் கழற்றாமல் டப்பாவின் அடிப்பக்கத்தைத் திறந்து எடுத்திருக்கிறார், ரயில்வேயில் பழகியிருப்பார் போல. கணக்கு டீச்சர் வெந்நீரை ஊதிக்கொண்டே, "மிச்சம் பிடிச்சதைவிட மிச்சம் பிடிக்கிறவங்க தின்னது ஜாஸ்தி" என்றார். இதை உன் இலாகாவோடு ஒப்பிட்டு நான் எதுவும் சொல்லவில்லை. உங்கள் பிரிவில் புதிதாக எத்தனை பேரை எடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

அந்தக் கலகலப்பில்தான் கவனித்தேன், லிப்ட் அண்ணன் நாற்காலி காலி. மூன்று நாள் வந்தார், நேராக நிமிர்ந்து நின்று வெந்நீர் குடித்தார், கோப்பையைக் கழுவி வைத்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு ஆளைக் காணோம். ஒரு நாளும் தவறாதவர். கோபமா, உடம்புக்கு ஏதாவதா? உள்ளதைச் சொன்னால் எனக்கு அக்கறையைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. வெந்நீரைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிற அளவுக்கு அப்படி எவ்வளவுதான் வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட வேண்டும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் இருப்பது ஆறாம் மாடி. அந்தக் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது, ஓடவில்லை. கதவில் தொங்கும் அறிவிப்புப் பலகையே துருப்பிடித்துப் போயிருக்கிறது. நான் மூன்றாம் மாடியில் ஒருமுறையும் ஐந்தாம் மாடியில் ஒருமுறையும் உட்கார்ந்தேன்.

ஒரே ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு இஸ்திரிப் பெட்டி. சுவரில் ஒரு ஆணி, அதில் ஒரு ஹேங்கர், அதில் அந்த வெள்ளைச் சட்டை. மாப்பிள்ளை, இருப்பதே அந்த ஒன்றுதான். தினமும் மாலையில் துவைத்து, காலையில் இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வருகிறார். நாங்கள் அதைப் பார்த்து மூன்றாம் தரம் போட்டோம். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்து, ஒரு கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். வெந்நீர்.

"டீத்தூள் தீர்ந்து போச்சு சார். நானும் மூணாம் தரமாச்சே" என்று சிரித்தார். குத்திச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். அடுப்பு மேடையைப் பார்த்தேன், அங்கே சாப்பிட எதுவும் இல்லை. பிறகுதான் புரிந்தது, பதினொரு மணித் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் எங்களுக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு அது காலைச் சாப்பாடு.

"ஏன் இப்படிப் பண்ணீங்க? பதினேழுக்கு 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா முடிஞ்சிருக்குமே!"

"எல்லாருக்கும் குடுத்தப்ப வாங்கிக்கிட்டேன் சார். அதுல எனக்குக் கூச்சம் இல்ல. டாக்டருக்கும் அதே கோப்பை, எனக்கும் அதே கோப்பை. என்னால முடியலைன்னு கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும்னா, வேணாம் சார். முப்பது வருஷம் நின்ன காலு இது."

சொல்லிவிட்டு மேஜை இழுப்பறை மாதிரி கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்து, அதிலிருந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினார். உன் அலுவலகத்து உறை. நிஜப் படிவம், அரசாங்கப் படிவம். அதிலும் பதினேழுக்கு நேராக 'இல்லை' என்று அச்சுப் போல எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மறுநாள் தபாலில் சேர்க்கப் போகிறாராம். மன்றத்துத் தேநீரை நான் விளையாட்டாக நிறுத்தினேன், நாளைக்கே திரும்பக் கொடுத்துவிடலாம். இது போய்ச் சேர்ந்தால் அவருடைய ஓய்வூதியம் அடுத்த மாதத்திலிருந்து நின்றுவிடும். அதை நிறுத்துவது பல் டாக்டரின் மகனோ மருமகளோ இல்லை, என் சொந்த மைத்துனன் எழுதிய ஒரு வரி.

என்ன சொல்லியும் அவர் மசியவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். எழுந்து நின்று, தோல் பையைத் திறந்து, அதிகாரக் குரலில், "இந்தப் படிவத்தை மேல் சோதனைக்காகக் கைப்பற்றுகிறேன்" என்று சொல்லி, என் பழைய ரசீதுப் புத்தகத்தில் ஒரு ரசீது கிழித்துக் கொடுத்தேன். அந்தப் புத்தகத்துக்கு ஒன்பது வருஷமாக எந்தச் செல்லுபடியும் கிடையாது. ஆனால் வாழ்நாள் முழுக்கச் சீருடைக்கு மரியாதை கொடுத்த மனிதர் அல்லவா, ரசீதை வாங்கி மடித்து, ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் வைத்துக்கொண்டார். கூடவே, குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, நாளை பதினொரு மணிக்கு வந்து பொறுப்பேற்க வேண்டும் என்று ஓர் உத்தரவும் எழுதி நீட்டினேன். குழுவுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் தர்மம் இல்லை, வேலைக்கான கூலி. அவர் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

பத்தே முக்காலுக்கே வந்து நின்றார். சட்டை மடிப்பில் விரலை வைத்தால் அறுத்துவிடும் போலிருந்தது. அவரைச் சேர்த்ததும் டீச்சரை ஏன் சேர்க்கவில்லை என்று கேள்வி வந்தது, டீச்சரைச் சேர்த்தேன். பல் டாக்டர், விருந்தாளிகளுக்கும் ஒரு பிரதிநிதி வேண்டும் என்றார், அவரையும் சேர்த்தேன். நான்கு நாளில் பதினான்கு பேரும் குழுவில் இருந்தார்கள், பரிசீலிக்கப்பட வேண்டியவர் என்று வெளியே யாரும் இல்லை. ஆக எல்லாருக்கும் ஒரு கோப்பைத் தேநீர், இரண்டு பிஸ்கட். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். ஸ்டேஷன் மாஸ்டர் இதற்கு வட்டப்பாதை என்று பெயர் வைத்தார்.

எனவே நீ கேட்ட அரைப் பக்கம் இதோ: உன் தராசு தேறவில்லை. எழுதத் தெரிந்தவன் ஏழையாகிவிடுகிறான், எழுதக் கூசுகிறவன் பணக்காரனாகிவிடுகிறான். சேர்த்தவளுக்கு வருத்தம், செலவழித்தவனுக்குப் பரிசு. ஓய்வூதியத்தை வருமானம், சொத்து என்று எதையும் பார்க்காமல் முன்போல எல்லாருக்கும் ஒன்றாகவே கொடுத்துவிடுங்கள். பல் டாக்டரின் நாய் வாசனையாக இருந்துவிட்டுப் போகட்டும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, என் சொந்த லாபமும் இல்லை. சோதனை அதிகாரி என்ற முறையில் நடுநிலையோடு கையெழுத்துப் போடுகிறேன்.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, படிவம் எழுதாத ஏதாவது ஒரு வேலையில் அமர வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உன் அக்கா, நீ வேளா வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்றும் அடுத்த முறை எதிர்வீட்டம்மாவுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது எழுத வேண்டும் என்றும் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு, என்றும் உன் நலம் நாடும்,
அத்தான்
(எடை, அளவு ஆய்வாளர், ஓய்வு)

பின்குறிப்பு: இன்று பதினெட்டாம் தேதி. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. திறந்தால் லிப்ட் அண்ணன், வெள்ளைச் சட்டையும் கையில் உன் படிவமுமாக. "குழுவுல சேர்ந்ததுலேர்ந்து எல்லார் வீட்டையும் பார்த்தாச்சு சார். உங்க வீடு மட்டும்தான் பாக்கி" என்றார். நான் என் துறையின் விதியை எடுத்துச் சொன்னேன். அதற்குள் உன் அக்கா பின்னாலிருந்து, "உள்ள வாங்கண்ணே, உங்களைத்தான் இத்தனை வருஷமா எதிர்பார்த்துட்டு இருந்தேன்" என்று அவரை நேரே அலமாரிக்குக் கூட்டிப் போய்விட்டாள். ஒரு தகரப் பெட்டி. அதில் அவள் பெயரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு கடைகளின் பத்திரம், ஒரு மனையின் பத்திரம், நான் கண்ணால் கண்டிராத வங்கிச் சீட்டுகள் ஒரு கட்டு. "எனக்கு ஏன் சொல்லல?" என்றேன். "நீங்க ஊர்த் தராசெல்லாம் பார்த்தீங்க. இந்த வீட்டுல என்ன இருக்குன்னு ஒரு நாள் கேட்டீங்களா?" என்றாள். லிப்ட் அண்ணன் உட்கார்ந்து நாற்பத்தொரு கட்டங்களையும் நிரப்பி, எனக்கு மூன்றாம் தரம் போட்டார். அவர் முகத்தில் ஒரு பகையும் இல்லை. மடிப்புக் கலையாமல் போட்டார்.

சரி, இனிமேல் இவரும் என் கட்சிதான், இந்தச் சோதனையே வேண்டாம் என்பார் என்று பார்த்தால், "இல்ல சார், வசதி பார்க்கறது நல்ல யோசனைதான்" என்கிறார்! "லிப்டுல நான் முதல்ல எல்லாரையும் ஏத்திக்குவேன். கனம் ஜாஸ்தியானா மணி அடிக்கும். அப்ப கனமா இருக்கறவங்கதான் இறங்கி வழி விடணும். ஒல்லியா நிக்கறவன்கிட்ட போயி, நான் ஒல்லின்னு எழுதிக் குடுன்னு யாராவது கேப்பாங்களா? இல்லாதவன் எதுக்கு சார் எழுதணும்? இருக்கறவங்க எழுதட்டும். நீங்க எழுதுங்க." இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆகவே மேலே எழுதியிருப்பதில் நடுநிலை, சந்தேகமில்லை, சொந்த லாபமில்லை என்று வருகிற இடங்களை எல்லாம் தயவுசெய்து அடித்துவிடு. என் கட்டை விரல் தராசுத் தட்டிலேயே இருந்திருக்கிறது. என் படிவத்தை உள்ளபடியே நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன், எனக்கு வர வேண்டியதை நிறுத்திவிடு. உன் அக்கா எனக்குக் கொண்டுவந்து வைத்திருக்கும் வெந்நீரைக் குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு உறையில் அவருடைய படிவம் இருக்கிறது. நான் கொடுத்த ரசீதை நீட்டி அதைத் திரும்ப வாங்கி, பதினேழாம் கேள்விக்கு எழுதியிருந்த 'இல்லை'யை ஒரே கோடாக அடித்துவிட்டு, வேறு எதுவும் எழுதாமல் கொடுத்தார். பெயர், வயது, முகவரி, கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. முழுமை பெறாத படிவம் என்று நீ அதைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் தபாலில் அனுப்பாதே. நீயே நேரில் கொண்டுவந்து கொடு. ஆறாம் மாடி, லிப்ட் ஓடாது. நீ மேலே வந்து சேருகிறபோது அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.